சைக்கிள் தடத்தைப் பெயர்க்கும் முன் வரிசை எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள்

சைக்கிள் தடத்தை எடுத்துவிட்டால் நெரிசல் குறையுமா என்ற சண்டையில் இரு தரப்பும் சாலையின் அகலத்தைப் பற்றியே பேசுகின்றன. வண்டிகள் ஏன் நிற்கின்றன என்பதற்கான விடை பெரும்பாலும் அகலத்தில் இல்லை, சிக்னலில் இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு. பச்சை விழுந்ததும் ஒரு தடத்திலிருந்து சுமார் இரண்டு விநாடிக்கு ஒரு கார் கோட்டைக் கடக்கும். சிக்னலின் முழுச் சுற்று 90 விநாடி, இந்தத் திசைக்குப் பச்சை 40 விநாடி என்று வைத்துக்கொள்வோம். முதல் வண்டி கிளம்பும் தாமதத்தில் இரண்டு விநாடி போய்விடும். ஆக, சுற்றுக்கு 19 கார், மணிக்கு 40 சுற்று, மொத்தம் 760. இடைப்பட்ட சாலையில் எத்தனை தடம் போட்டாலும், அடுத்த சந்திப்பில் ஒரு தடம்தான் என்றால் மணிக்கு 760தான் வெளியேறும். கூடுதல் தடம் வரிசையை நீளவாக்கிலிருந்து அகலவாக்குக்கு மாற்றும், அவ்வளவுதான். அதே சிக்னலில் பச்சையை நான்கு விநாடி கூட்டினால் சுற்றுக்கு இரண்டு கார் அதிகம், மணிக்கு 80. குறுக்குத் தெரு அந்த நான்கு விநாடியைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும், உண்மைதான். ஆனால் அந்தச் சோதனைக்கு ஒரு கடப்பாரைகூடத் தேவையில்லை.

டொராண்டோவின் ஜார்விஸ் தெரு இதற்கு நல்ல பாடம். 2010ல் நடுவே இருந்த, நேரத்துக்கேற்பத் திசை மாறும் தடத்தை எடுத்துவிட்டு இருபுறமும் சைக்கிள் தடம் போட்டார்கள். உச்ச நேரப் பயணம் இரண்டு நிமிடம் வரை கூடியது. இதை மறைப்பதில் பயனில்லை. தடம் போட்டால் யாருக்கும் ஒரு விநாடிகூட அதிகமாகாது என்று சொல்லும் ஆதரவாளர்கள் தங்கள் வாதத்தைத் தாங்களே கெடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் அந்தத் தாமதத்தின் பெரும்பகுதி ஜெரார்ட் தெருச் சந்திப்பில் தேங்கும் வரிசையிலிருந்து வருகிறது, அங்கே இடப்பக்கம் திரும்புவோருக்குத் தனிப் பச்சை கொடுத்தால் குறையும் என்று நகர அதிகாரிகளின் அறிக்கையே சொன்னது. கனடாவில் வண்டிகள் வலப்பக்கம் ஓடும். அங்கே இடப்பக்கம் திரும்புகிறவர் எதிரே வரும் வண்டிகளுக்குக் காத்திருக்க வேண்டும், அவருக்குப் பின்னால் அந்தத் தடமே நிற்கும். அதன் பிறகும் 2012ல் தடத்தை அழித்து, நடுத்தடத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

அகலக் கணக்குக்கு வருவோம். ஒரு பக்கச் சைக்கிள் தடம் 1.5 முதல் 1.8 மீட்டர், தடுப்புப் பட்டையோடு சேர்த்தால் இரண்டு முதல் இரண்டரை மீட்டர் சொச்சம். கார் தடத்துக்கு மூன்று மீட்டராவது வேண்டும், பேருந்து ஓடினால் 3.3. ஒரு பக்கத்தை மட்டும் எடுத்தால் கார் தடம் கிடைக்காது. இருபக்கமும் எடுத்து, சாலைக் கோடுகளையெல்லாம் நகர்த்தி வரைந்தால் ஒரே ஒரு தடம் கிடைக்கும், அதுவும் ஒரு திசைக்குத்தான். அதில் சாமான் இறக்கும் வேன் ஒன்று பத்து நிமிடம் நின்றால் அந்தப் பத்து நிமிடமும் தடம் இல்லை. பெயர்த்த இடம் கடைசியில் ஓரப் பார்க்கிங்காக முடிவதும் உண்டு. அதைத்தான் கேட்கிறோம் என்றால் நேராகக் கேட்கலாம். நெரிசலை இழுக்க வேண்டியதில்லை.

"சைக்கிளே போகவில்லையே, தடம் காலியாகக் கிடக்கிறதே" என்பது அடுத்த புகார். இரண்டிரண்டாக நிற்கும் எட்டு சைக்கிள்கள் பச்சை விழுந்த பத்து விநாடிக்குள் போய்விடும். மீதி நேரமெல்லாம் தடம் காலியாகத்தான் தெரியும். எட்டு கார் நின்றால் ஐம்பது மீட்டர் வரிசை, கண்ணை விட்டு அகலாது. நாக்டோ என்ற அமெரிக்க நகரப் போக்குவரத்து அதிகாரிகள் சங்கத்தின் வழிகாட்டி, கலப்பு வாகனத் தடம் ஒன்று மணிக்கு 600 முதல் 1,600 பேரையும், தடுப்பு வைத்த இருவழிச் சைக்கிள் பாதை 6,500 முதல் 7,500 பேரையும் கடத்தும் என்கிறது. இது கொள்ளளவு, அத்தனை பேர் வருகிறார்கள் என்று அர்த்தமல்ல. தொடர்ச்சியில்லாமல் பாதியில் அறுந்துபோகும் தடத்துக்கு இந்த எண்ணைக் காட்டி வாதாடுவது சரியில்லை.

எண்ணுவதிலும் கோளாறு நடக்கும். சாலையில் குறுக்கே போடும் ரப்பர் குழாய்க் கருவி, ஊர்ந்து நகரும் வண்டிகளைச் சரியாக எண்ணாது. அதைவிடப் பெரிய பிழை, நிறுத்தக் கோட்டில் மட்டும் எண்ணுவது. பின்னால் பத்து கார் நின்றாலும் நூறு நின்றாலும் கோட்டில் அதே 760தான் பதிவாகும். வரிசையின் நீளத்தைத் தனியாக அளக்க வேண்டும். பயண நேரத்தில் சராசரியோடு மோசமான நாளின் நேரத்தையும் பார்க்க வேண்டும். பக்கத்து இணைத் தெருக்களையும் சேர்க்க வேண்டும். செவ்வாய் முதல் வியாழன் வரை, முன்னும் பின்னும் ஒரே பருவத்தில், பள்ளி விடுமுறையும் குழாய் பதிக்கும் வேலையும் இல்லாத வாரங்களில் அளந்தால்தான் ஒப்பிட முடியும். புதுத் தடம் போட்ட முதல் சில வாரக் கணக்கை வைத்து முடிவெடுப்பது வீண். ஓட்டுநர்கள் பாதையை மாற்றிக்கொள்ளவே நாளாகும்.

பெயர்ப்பதற்கும் செலவு உண்டு. கோடுகளை இயந்திரத்தால் சுரண்டினால் தழும்பு நிற்கும். மழை இரவில் முகப்பு விளக்கு பட்டால் எது பழைய கோடு, எது புதிய கோடு என்று தெரியாது. அதனால் மேல்தாரைச் சீவிப் புதிதாகப் போட வேண்டி வரும். கான்கிரீட் தடுப்புகளை இறுக்கிய கம்பிகளின் துளைகளை அடைக்காவிட்டால் தண்ணீர் இறங்கிக் குழி விழும். சைக்கிள் சிக்னலைக் கழற்றினால் நேரத் திட்டத்தையும் திருத்த வேண்டும். பலரும் கவனிக்காத ஒன்று: தடம் போட்டபோது சந்திப்பு மூலையில் நடைபாதையை நீட்டியிருந்து, இப்போது அதை வெட்டினால், நடந்து கடப்பவருக்குத் தூரம் கூடும். விநாடிக்கு 1.2 மீட்டர் நடை என்றால் மூன்றரை மீட்டருக்கு மூன்று விநாடி. அவர் கடப்பது குறுக்குத் தெருவின் பச்சையில். அங்கே நேரம் போதாவிட்டால் அந்த மூன்று விநாடியை முக்கியச் சாலையிலிருந்துதான் எடுக்க வேண்டும். எதற்காகப் பெயர்த்தோமோ அதுவே குறைகிறது.

கனடாவின் ஒன்டாரியோ மாகாண அரசு 2024 நவம்பரில் சட்டம் இயற்றி, டொராண்டோவின் புளோர், யங், யூனிவர்சிட்டி சாலைகளில் தடங்களை எடுக்க முனைந்தபோது, போட ஆன செலவு 2.7 கோடி டாலர், எடுக்க ஆகும் செலவு 4.8 கோடி என்று நகர அதிகாரிகள் மதிப்பிட்டார்கள். 2025 ஜூலை 30 அன்று மாகாண உயர் நீதிமன்றம், அந்தத் தடங்களை எடுப்பது நெரிசலைக் குறைக்காது, ஆட்களின் உயிருக்கு ஆபத்தைத்தான் கூட்டும், எனவே அரசியல் சாசனத்துக்கு முரண் என்று தீர்ப்பளித்தது.

எந்தத் தடத்தையும் தொடவே கூடாது என்பதல்ல. பேருந்து நிறுத்தத்தின் குறுக்கே வெட்டிப்போகும் தடம், திரும்பும் வண்டிகள் ஒதுங்க இருந்த ஒரே இடத்தைத் தின்ற தடம், ஆம்புலன்ஸ் வந்தால் ஒதுங்க வழியே இல்லாத தடம் எல்லாவற்றையும் மாற்றத்தான் வேண்டும். நிறுத்தத்தைத் தடத்துக்கும் சாலைக்கும் நடுவே தீவாக வைக்கலாம்; சந்திப்புக்கு முன் ஐம்பது மீட்டர் ஓரப் பார்க்கிங்கை எடுத்துத் திரும்பும் தடம் தரலாம்; சாமான் இறக்கப் பக்கத்துத் தெரு மூலையில் நேரம் குறித்து இடம் ஒதுக்கலாம். முதலில் சிக்னல் நேரம், பிறகு திரும்பும் தடம், பிறகு பார்க்கிங் என்ற வரிசையில் ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொரு முறையும் அளந்து பார்த்த பிறகும் வரிசை குறையவில்லை என்றால், தடத்தை இணைத் தெருவுக்கு நகர்த்துவது பற்றிப் பேசலாம்.