நாலு மணித் தலைவலி

வாடிக்கையாளர் சேவை மையத்தில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு 6 வருடம் ஓட்டினேன். அதில் முதல் 2 வருடம் சாயங்காலம் நாலு மணி ஆனால் போதும், தலைவலி வந்துவிடும். கம்ப்யூட்டர் திரை, குழல் விளக்கு, எதிர்முனையில் கத்துகிற ஆள் என்று ஒவ்வொன்றின் மேலும் பழி போட்டாயிற்று. கண் பரிசோதனைகூடச் செய்து பார்த்தேன், கண்ணில் ஒரு குறையும் இல்லை.

விஷயம் என்னவென்றால், நான் தெரிந்தேதான் தண்ணீர் குடிக்காமல் இருந்தேன். எழுந்து பாத்ரூம் போகிற நிமிடங்களும் அங்கே கணக்கில் ஏறும், மாதக் கடைசியில் அதற்காக ஒரு பேச்சு வாங்க வேண்டும். குடித்தால்தானே போக வேண்டும்! பெரிய புத்திசாலி என்று நினைப்பு வேறு.

கண்டுபிடித்தது பக்கத்து சீட்டு அக்கா. "தம்பி, மத்தியானத்துக்கு மேல உன் குரலே மாறிடுது, நாக்கு ஒட்டுற சத்தம் எனக்கே கேக்குது. காலையிலேருந்து எத்தனை தடவை பாத்ரூம் போனே?"

யோசித்தேன். ஒரே தடவை, அதுவும் அடர் மஞ்சளாக.

"தாகமே எடுக்கலையேக்கா" என்றேன். அதுதான் சிக்கலே. ரத்தத்தில் நீர் கொஞ்சம் குறைந்தாலே மூளை வாசோபிரெசின் என்ற ஹார்மோனை விட்டு, தண்ணீரைப் பிடித்து வை என்று சிறுநீரகத்துக்குச் சொல்லிவிடுகிறது, அதனால் தாகம் தெரிவதற்கு முன்பே சிறுநீர் அடர்ந்துவிடலாம். பலருக்குத் தாகம் நன்றாக உறைப்பதற்குள் உடல் எடையில் 1 முதல் 2 சதவீதம் வரை நீர் போயிருக்கும். 60 கிலோ ஆளுக்கு அது 600 மில்லியிலிருந்து 1.2 லிட்டர். ஏசி அறையில் வியர்வை கண்ணுக்குத் தெரியாது, ஆனால் நாள் முழுக்கப் பேசுகிறவனுக்கு மூச்சு வழியாகவே ஈரம் போய்க்கொண்டிருக்கும்.

அப்புறம் நிறத்தையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்டால் நன்றாகத் தண்ணீர் குடித்தவருக்கும் பளிச்சென்ற மஞ்சள்தான், காலையில் முதலில் போவதும் பெரும்பாலும் அடர்த்தியாகவே இருக்கும்.

எனக்குத் தலைவலிக்கும் முன்னால் வந்த அறிகுறிகள் இருந்தன, நான்தான் அவற்றை வேலையின் குணம் என்று எடுத்துக்கொண்டேன். ஒரே பெயரை இரண்டு முறை தப்பாக அடிப்பேன், சாதாரணக் கேள்விக்குச் சுள்ளென்று எரிச்சல் வரும், ஷிப்ட் முடிந்து சட்டென்று எழுந்தால் கண் இருட்டும். களைப்பு என்று பெயர் வைத்துவிட்டால் அதற்கு மேல் யாரும் தோண்டுவதில்லை, நானும் தோண்டவில்லை.

ஆரம்பத்தில் ஆர்வக்கோளாறில் ஒரு லிட்டரை ஒரே மூச்சில் குடித்தேன், அரை மணிக்கொரு தரம் ஓடினேன், அவ்வளவுதான் பலன். கண்டபடி குடிப்பதில் ஆபத்தும் உண்டு, ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். அக்கா சொன்னபடி ரெண்டு அழைப்புக்கு ஒரு மடக்கு என்று மாற்றிக்கொண்ட பிறகுதான் சரியானது.

தலைவலி முழுசாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், மாதத்தில் இரண்டு மூன்று வரும். அதெல்லாம் நிஜமாகவே வாடிக்கையாளர்கள் தருவது.