பிஸ்கோ வழக்கும் சொட்டுக்கூடக் குடிக்காத நடுவரும்

சிலி நாட்டுக் கோக்கிம்போ துறைமுகத்தில் கப்பல் கரையணைந்ததும், பேருந்து எண் அச்சிட்ட ஒட்டுவில்லையை எங்கள் சட்டையில் ஒட்டி, எல்கி பள்ளத்தாக்குக்கும் அதிலுள்ள விக்குன்யா என்ற சிற்றூருக்கும் அனுப்பி வைத்தார்கள். திராட்சை மதுவை வாலையில் வடித்து எடுக்கும் பிஸ்கோ என்ற சாராயத்தைச் சுவைப்பதே இந்தக் கரைச் சுற்றுலாவின் முக்கிய அம்சம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். இதைத்தான் பார்த்தாக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர், வாழ்நாளில் ஒரு சொட்டு மதுவும் அருந்தாத என் மனைவியின் சித்தப்பா. சர்க்கரை ஆலை டிஸ்டிலரி ஒன்றில் வேதியியலாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். பிறர் குடிப்பதற்காக ஆண்டுக்கணக்கில் வடித்துக் கொடுத்துவிட்டு, மாலையில் வீட்டுக்கு வந்து மோர் குடித்தவர்.

இருபுறமும் புல்கூட முளைக்காத மொட்டை மலைகள் நிற்க, அவற்றின் அடிவாரத்தில் மட்டும் ஆற்றுநீரை நம்பிப் பச்சைப்பசேலென்று திராட்சைப் பந்தல்கள் ஓடுகின்றன. வழியில் வரும் புக்லாரோ அணைக்காகக் குவாயிகுவைக்கா என்ற பழைய கிராமமே நீரில் மூழ்கியதையும், ஊரார் மேட்டில் புதிதாகக் குடியமர்த்தப்பட்டதையும் வழிகாட்டிப் பெண் சொல்லிக்கொண்டிருந்தபோது, பேருந்தில் பாதிப்பேர் காலை உணவின் கனத்தில் உறங்கிவிட்டார்கள். விக்குன்யா சதுக்கத்தில், ஜெர்மனியில் மரத்தால் செய்து கப்பலில் கொண்டுவரப்பட்ட சிவப்பு நிறப் பாவர் கோபுரத்தின் முன் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள். 1889இல் இவ்வூரில் பிறந்து, 1945இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசை லத்தீன் அமெரிக்காவுக்கு முதன்முதலாகப் பெற்றுத் தந்த கவிஞர் காப்ரியேலா மிஸ்ட்ராலின் அருங்காட்சியகத்துக்குச் சிலரே வந்தோம். மற்றவர்கள் அவருடைய முகத்தை 5000 பெசோ நோட்டில் பார்த்துக்கொண்டதே போதும் என்று கடைத்தெருப் பக்கம் போய்விட்டார்கள்.

வடிப்பாலைக்குள் நுழைந்ததும் மாமாவின் நடையே மாறிவிட்டது. செப்பு வாலைகளைக் கண்டதும் பழைய சகாக்களைக் கண்டவர்போல் முகம் மலர்ந்து, வழிகாட்டியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு முன்வரிசைக்குப் போனார். மஸ்கட் திராட்சை மதுவைக் காய்ச்சும்போது முதலில் வருவது தலை, நடுவில் வருவது இதயம், கடைசியில் வருவது வால் என்றும், இதயப்பகுதி மட்டுமே பிஸ்கோவாகும் என்றும் அந்தப் பெண் விளக்கினார். சிறிய கோப்பைகள் எல்லோர் கைக்கும் வந்து, உதட்டை நோக்கி உயர்ந்த அந்த நேரம் பார்த்து மாமா கையைத் தூக்கினார்.

"தலைப்பகுதியில் மெத்தனால் வருமே, கண்ணைப் பறிக்கும் சமாச்சாரம். அதை முழுவதும் பிரித்துவிட்டீர்களா என்று எப்படிச் சோதிக்கிறீர்கள்?"

உயர்ந்த கோப்பைகள் அப்படியே நின்றன. ஆய்வகப் பரிசோதனை பற்றி அந்தப் பெண் விளக்க, மாமா குறுக்கு விசாரணை செய்து, கடைசியில் திருப்தியுடன் தலையசைத்த பிறகுதான் கூட்டம் குடிக்கத் துணிந்தது. தம்முடைய பங்கை அவர் பக்கத்திலிருந்த ஆங்கிலேய மூதாட்டியிடம் பணிவுடன் நீட்டினார். ஒவ்வொரு சுற்றிலும் அதையே செய்ததால், நான்கைந்து வகைகள் முடிவதற்குள் அந்த அம்மையார் அவரைப் பேராசிரியர் என்று அழைக்கத் தொடங்கிவிட்டார்.

அடுத்து எலுமிச்சையும் சர்க்கரையும் கலந்த பிஸ்கோ சவர் வந்தது. "இதில் முட்டை உண்டா?" என்றார் மாமா. இங்கே பொதுவாகச் சேர்ப்பதில்லை என்று பதில் வந்தது. "நீங்கள்தான் குடிக்கப் போவதில்லையே மாமா?" என்று நான் மெல்லக் கேட்டேன். "தெரிந்துகொள்வதில் என்ன தப்பு, மாப்பிள்ளை?" என்றார்.

பிஸ்கோ யாருடைய சொத்து என்பதில் சிலிக்கும் பெருவுக்கும் இடையே தீராத வழக்கு இருப்பதைத் திரும்பும் வழியில் கேட்டோம். பெருவில் பிஸ்கோ என்று ஒரு துறைமுக ஊரே இருக்கிறது. சிலியோ 1931இலேயே இப்பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு அளித்தது. போதாக்குறைக்கு, இந்தப் பள்ளத்தாக்கில் லா உனியோன் என்றிருந்த கிராமத்துக்கு 1936இல் பிஸ்கோ எல்கி என்றே பெயர் மாற்றிவிட்டார்கள். பட்டா இல்லாத நிலத்தில் வேலி போட்டுப் பலகை நடும் இந்த வித்தை நம்மவர்களுக்கு மட்டுமே கைவந்தது என்று அதுவரை எண்ணியிருந்தேன்.

வாங்கிய புட்டிகளைக் கப்பலின் வாயிலிலேயே பறிமுதல் செய்து, இறங்கும் நாளில்தான் தருவோம் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். தள்ளாடாமல் நடந்த மாமாவின் பையைத்தான் இருமுறை சோதித்தார்கள். அதில் பப்பாளி மிட்டாய் இருந்தது.

எங்கள் கப்பல் அடுத்து நின்றதோ பெருவின் அதே பிஸ்கோ துறைமுகத்தில். அங்கிருந்த வழிகாட்டி, சிலியர்கள் வடித்த பிறகு தண்ணீர் கலக்கிறார்கள், நாங்கள் ஒரு சொட்டும் கலப்பதில்லை என்று மார்தட்டினார். மாமா முகத்தில் மரியாதை தெரிந்தது. தண்ணீர் கலக்காத சரக்கு தொழிலுக்கே பெருமை என்று என் காதில் சொன்னார். தீர்ப்பு பெருவின் பக்கம் சாய்ந்துவிட்டது என்றே நினைத்தேன். அப்போது பிஸ்கோ சவர் வந்தது, மேலே வெண்ணுரை ததும்ப.

"இதென்ன நுரை?" என்றார் மாமா.

"முட்டையின் வெள்ளைக்கரு, ஐயா" என்றார் வழிகாட்டி பெருமிதத்துடன்.

மாமா என் பக்கம் திரும்பினார். "மாப்பிள்ளை, பிஸ்கோ சிலிக்காரனுடையதுதான்."