டபிள் கப்புக்கு முன்காப்புத் தேடியபோது

2022ஆம் ஆண்டு மார்கழி மாதத்தில் ஓர் இரவு, மாங்குளத்தில் இருந்து ஒட்டுசுட்டானுக்கு வந்துகொண்டிருந்தேன். ஒலுமடு தாண்டிச் சிறிது தூரத்தில் ஒரு கறுப்பு நாம்பன் தார் வீதியின் நடுவே படுத்திருந்தது என் கண்ணில் பட்டபோது, அதற்கும் எனக்கும் இடையே இருபத்தைந்து மீற்றர்கூட இருந்திராது. மாரி காலத்தில் வயல்களெல்லாம் காலபோகப் பயிராக இருப்பதால் மாடுகளுக்குப் போக இடமில்லை. காட்டோரம் சேறும் நுளம்புமாகக் கிடக்கும். மழை விட்ட பின் முதலில் காயும் தரை வீதிதான் என்பதை அவை நன்றாக அறிந்து வைத்திருக்கின்றன. பிரேக்கை முழுப் பலத்துடன் மிதித்தும், ஓட்டம் பாதிக்கு மேல் குறைந்த பின்னரும், வாகனத்தின் இடது மூக்கு அதன் முதுகில் இடித்தது. நாம்பன் எழுந்தது, ஒரு முறை என்னைத் திரும்பிப் பார்த்தது, நொண்டிக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டது. என்னுடைய 2011ஆம் ஆண்டு ஹைலக்ஸ் டபிள் கப் (இரு வரிசை இருக்கையும் பின்னால் சாமான் தட்டும் உள்ள பிக்கப்) வாகனம்தான் போக முடியாமல் நின்றது.

வெளியில் இருந்து பார்த்தால் சேதம் பெரிதில்லை. கிறில் உடைந்திருந்தது, ஒரு முன்விளக்கு நொறுங்கியிருந்தது, பம்பரில் ஒரு பிளவு. ஆனால் உள்ளே றேடியேற்றர் பின்னோக்கித் தள்ளப்பட்டு விசிறியின் இதழில் உரசி, அடிப்பக்கம் கிழிந்து, பச்சைத் தண்ணீர் வீதியில் ஓடிக்கொண்டிருந்தது. உழவு இயந்திரம் ஒன்றில் கயிறு கட்டி வீட்டுக்கு இழுத்து வருவதற்குள் நள்ளிரவாகிவிட்டது. அன்று என் மனதில் பதிந்த கணக்கு இதுதான்: பம்பர் இல்லாமல் வீட்டுக்கு வரலாம், கிறில் இல்லாமலும் வரலாம், றேடியேற்றர் இல்லாமல் ஒரு மைல்கூட வர முடியாது. பிறகு நான் வாங்கியவை, வாங்காமல் விட்டவை எல்லாவற்றையும் இந்தக் கணக்கை வைத்தே தீர்மானித்தேன்.

2020 மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி அப்போதும் திறக்கப்பட்டிருக்கவில்லை. அது தனியார் வாகனங்களுக்குத் திறந்தது 2025இல்தான். ஆகவே கையில் இருக்கும் வாகனத்தையே காப்பாற்றி ஓட வேண்டிய காலம் அது. உதிரிப்பாகத்தின் விலையைக் கேட்டவுடன், இன்னொரு முறை இப்படி நடக்கவிடக் கூடாது என்று வாகனத்தின் முன்பக்கத்தை இடியிலிருந்து காக்கும் முன்காப்பு தேடத் தொடங்கினேன்.

ஆலோசனைக்குப் பஞ்சமிருக்கவில்லை. எங்கள் பக்கத்தில் நெல் ஏற்றும் ஒருவர், தமது வாகனத்தின் முன்னால் பொனற்றையும் தாண்டி உயர்ந்து நிற்கும் இரும்புப் புல் பாரை (bull bar, இடியைத் தாங்கவென்று முன்னால் பூட்டும் குழாய்ச் சட்டம்) தட்டிக் காட்டி, "தம்பி, இதைப் போட்டால் யானையே வந்தாலும் பயமில்லை" என்றார். வளர்ந்த யானை மூன்று, நான்கு தொன் எடையுள்ளது. என் வாகனம் வெறுமையாக இரண்டு தொன்னுக்கும் குறைவு. யானை நிற்கும் வீதியில் செய்யக்கூடியது தூரத்திலேயே நிறுத்தி, விளக்கைத் தாழ்த்தி, மெதுவாகப் பின்னால் எடுப்பது மட்டுமே. அவருடன் நான் வாதிடவில்லை, வயதில் மூத்தவர்.

வவுனியாவில் ஒரு கடையில் அதைப் போன்ற பார்கள் வரிசையாகச் சாத்தி வைக்கப்பட்டிருந்தன. பளபளவென்று மின்னிய ஒன்றைக் காட்டி, மூன்று மில்லிமீற்றர் தடிப்பான குழாய் என்றார்கள். குழாயின் அடியில் தண்ணீர் வடிவதற்காகப் போட்ட துளை ஒன்று இருந்தது. நான் பம்பு திருத்தும் வேலைக்குப் பாவிக்கும் வேர்ணியரைச் சட்டைப்பையில் கொண்டு போயிருந்ததால், அந்தத் துளைக்குள் விட்டு அளந்தேன். ஒன்றரை மில்லிமீற்றரைக்கூட அது சரியாக எட்டவில்லை. அதைவிடக் கவலை தந்தது பொருத்தும் தகடு: இவ்வளவு அகலமான பாரை இரண்டு மெல்லிய பட்டைகளும் நான்கு சிறிய போல்ற்களும் தாங்க வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட பார் மாட்டில் இடித்தால், வளைந்து வந்து முதலில் குத்தப்போவது றேடியேற்றரைத்தான். அழகுக்காகப் போடுபவர் போடட்டும். காப்புக்கு என்று விற்பது சரியில்லை.

உண்மையிலேயே தடித்த உருக்கில் செய்த முழுப் புல் பாரும் பார்த்தேன். அது ஐம்பது, அறுபது கிலோ வரும். அவ்வளவு பாரத்தை முன் சில்லுகளுக்கும் முன்னால் தொங்கவிட்டால் முன் ஸ்பிறிங் தாழும், வளைவுகளில் மூக்குக் கனக்கும், ரயரும் விரைவாகத் தேயும். அதற்கேற்ற தடித்த ஸ்பிறிங் மாற்ற வேண்டுமென்றால் செலவு இன்னொரு மடங்கு. என் மனைவி இதற்கெல்லாம் போகாமல் ஒரே கேள்வியில் விடயத்தை முடித்துவிட்டார். "இஞ்சேருங்கோ, மாட்டுக்கு எண்டு வைச்சால், லைற் இல்லாமல் சைக்கிளில வாற பிள்ளைக்கும் அதுதானே முன்னால நிக்கும்?" என்றார். மாலை வகுப்பு முடிந்து பிள்ளைகள் இருட்டில் சைக்கிளில் வரும் வீதிகளில்தான் நானும் ஓடுகிறேன். பம்பரின் பிளாஸ்டிக்கும் பொனற்றின் தகடும் நசுங்கிக் கொடுப்பதைப்போல இரும்புக் குழாய் கொடுக்காது. ஐரோப்பிய ஒன்றியம் 2005இலேயே பாதசாரிகளை முன்னிட்டு இவற்றுக்கு விதி செய்ததும், 2017 டிசம்பரில் இந்திய அரசு இவற்றைத் தடைசெய்யும்படி மாநிலங்களுக்கு அறிவுறுத்தியதும் இந்தக் காரணத்தையும் சேர்த்துத்தான்.

அடுத்து, உள்ளூரில் அளவெடுத்துச் செய்விக்கலாம் என்று கிளிநொச்சிக்குப் போனேன். போகும் வழியில் முறிகண்டிப் பிள்ளையார் கோவிலில் நிறுத்தித் தேங்காய் உடைத்து, கச்சானும் வாங்கிக்கொண்டுதான் போனேன். அந்த வீதியில் ஓடும் எவருக்கும் இது விளங்கும். கிளிநொச்சியில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர், காற்றுப்பை உண்டு என்பதைக் காட்ட என் ஸ்ரியரிங்கின் நடுவில் பொறித்திருந்த எஸ்ஆர்எஸ் என்ற எழுத்துகளை விரலால் தொட்டுக் காட்டினார். "அண்ணை, பலூன் உள்ள வாகனத்துக்கு முன் பார் நான் ஒட்டித் தரமாட்டன். சசியைத் துளைக்கவும் மாட்டன். வேற வேலை சொல்லுங்கோ, செய்து தாறன்" என்றார். வந்த வேலையைத் திருப்பி அனுப்பும் மனிதரைக் கண்டு எனக்கு மரியாதை கூடியது.

அவர் சொன்னதன் காரணம் இது. மோதும்போது வாகனம் எவ்வளவு சடுதியாக வேகத்தை இழக்கிறது என்பதை உணரிகள் அளந்தே காற்றுப்பை விரிய வேண்டுமா, எப்போது விரிய வேண்டும் என்பது தீர்மானிக்கப்படுகிறது. சசியின், அதாவது வாகனத்தைத் தாங்கும் அடிச்சட்டத்தின், முன்முனைகள் மடங்கி அதிர்ச்சியை வாங்கும்படி அமைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றின் மேல் மடங்காத ஓர் இரும்பை இறுக்கினால் அந்தக் கணக்கு முழுவதும் மாறிவிடும். சிறிய தட்டலுக்குப் பை விரியலாம், பெரிய மோதலில் பிந்தி விரியலாம். கங்காரு குறுக்கே பாயும் அவுஸ்திரேலியாவில் முன்காப்பு சாதாரணமான ஒன்று என்பதால், அங்கே இதற்கெனத் தனித் தரநிர்ணயமும் உண்டு. குறித்த மாதிரி வாகனத்துக்கென்றே செய்து, காற்றுப்பைக்கு ஒத்தது என்று அடையாளமிட்டு விற்கிறார்கள்.

ஆகவே அப்படிப்பட்ட ஒன்றைப் பழையதாகத் தேடினேன். கொழும்பில் பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகக் கடைகள் உள்ள தெருக்களில் என் மருமகன் இரண்டு சனிக்கிழமைகள் மினக்கெட்டு அலைந்து, "மாமா, உங்கட மொடலுக்கே ஒண்டு கிடக்குது, ஒட்டுச்சீட்டும் இருக்குது" என்று படம் அனுப்பினான். பொனற்றுக்கு மேல் உயராத, கிறிலின் நடுப்பகுதியை மட்டும் மறைக்கும் அலுமினிய நட்ஜ் பார் அது. வீட்டில் நெல் மூட்டை நிறுக்கும் தராசில் வைத்துப் பார்த்தேன்; பதினான்கு கிலோ. சசி முனையில் ஏற்கெனவே உள்ள துளைகளிலேயே அதன் தாங்கிகள் பொருந்தின. முன்னாலுள்ள வெள்ளை இலக்கத் தகட்டையோ சமிக்ஞை விளக்கையோ அது மறைக்கவில்லை. இதன் குறையையும் சொல்ல வேண்டும்: முன்விளக்குகளை இது காக்காது, அறுபது கிலோமீற்றர் ஓட்டத்தில் ஒரு மாடு வந்து முழுதாக மோதினால் றேடியேற்றரையும் காக்காது. மெதுவான இடிக்கும், காட்டுப் பாதையில் குறுக்கே கிடக்கும் கொப்புக்கும் போதும். முன்விளக்குகளுக்குத் தெளிவான பொலிகாபனேற் மூடிகள் வாங்கிப் போட்டேன். கல் தெறிப்புக்கு அவை போதுமானவை.

பட்டறைக்காரரிடம் இரண்டு வேலைகள் கொடுத்தேன். ஒன்று, கிறிலுக்குப் பின்னால் றேடியேற்றரை மறைக்கும் வலை. இதில் பிழை என்னுடையது. நுளம்பு வலையைப்போல் நெருக்கமான வலைதான் வேண்டும் என்று பிடிவாதமாகக் கேட்டு வாங்கினேன். மாசி மாதம் அறுவடை தொடங்கி, வெட்டு இயந்திரங்களுக்குப் பக்கத்தில் வாகனத்தை நிறுத்தி நெல் ஏற்றிய மூன்றாம் நாள், முத்தையன்கட்டுக் குளக்கட்டுப் பக்கமாக ஏறும்போது சூடு காட்டும் முள் நடுவைத் தாண்டி மேலே போவதைக் கண்டேன். நிறுத்திவிட்டுப் பார்த்தால், பதரும் சுணையும் வைக்கோல் தூளும் வலை முழுவதும் சாக்குத் துணியைப்போல் அப்பியிருந்தன. கையை வைத்தால் விசிறி இழுக்கும் காற்றே தெரியவில்லை. அந்த இடத்திலேயே வலையைக் கழற்றிவிட்டு வீட்டுக்கு வந்தேன். பிறகு அரை அங்குலக் கண்ணுள்ள வலையை, நான்கு ஆணியில் கழற்றிக் கழுவக்கூடியவாறு போட்டுத் தந்தார். சின்னப் பூச்சி உள்ளே போகும், போகட்டும். கல்லும் கொப்பும் போகாது.

மற்றது, எஞ்சினுக்கு அடியில் போடும் தகடு. நெடுங்கேணிப் பக்கம் காட்டுப் பாதையில் வெட்டி விட்ட வீரை, பாலை மரங்களின் அடிக்கட்டைகள் புல்லுக்குள் மறைந்திருக்கும். அவற்றில் ஒன்று ஒயில் தொட்டியில் பட்டால் றேடியேற்றர் உடைந்த அதே நிலைதான். நான்கு மில்லிமீற்றர் உருக்குத் தகட்டை இரண்டு இடத்தில் மடித்துப் பொருத்தினோம். ஒயில் கழற்றும் ஆணிக்கு நேரே துளை விட மறந்துவிட்டோம் என்பது அடுத்த ஒயில் மாற்றத்தில் முழுத் தகட்டையும் கழற்றியபோதுதான் தெரிந்தது.

புதைந்த வாகனத்தைக் கம்பியால் இழுத்தெடுக்கும் வின்ச் வேண்டாமென்று விட்டேன். வாகனத்தின் முழு எடையைப்போல ஒன்றரை மடங்கு இழுக்கக்கூடியதைப் போட வேண்டும், அதைத் தாங்க இரும்புப் பம்பரும் வேண்டும். எங்கள் ஊரில் சேற்றில் புதைந்தால் இழுக்க எப்போதும் ஓர் உழவு இயந்திரம் கிடைக்கும்.

மிச்சமான பணத்தை விளக்குக்குச் செலவழித்தேன். அறுபது கிலோமீற்றர் ஓட்டத்தில் கண்டு, மிதித்து, நிற்பதற்கு உலர்ந்த தாரிலேயே ஏறக்குறைய நாற்பத்தைந்து மீற்றர் வேண்டும்; எண்பதில் எழுபது மீற்றருக்குக் கிட்டப் போகும். தாழ்த்திய விளக்கில் ஒரு கறுப்பு மாடு அந்தத் தூரத்தில் தெரியாது. நட்ஜ் பாரில் இரண்டு தூர விளக்குகளைப் பொருத்தி, உயர்த்திய விளக்குடன் மட்டும் எரியும்படி ரிலே வைத்து இணைத்தோம். எதிரே ஆள் வந்தால் ஒரே தட்டலில் எல்லாம் அணைந்துவிடும். முதல் இரவிலேயே மெருகேற்றிய அலுமினியத்தில் வெளிச்சம் பட்டு என் கண்ணுக்கே திரும்பி அடித்தது. மறுநாள் பாரின் மேற்பகுதிக்கு மினுக்கமில்லாத கறுப்பு பெயின்ற் அடித்தேன். கடையில் அதை வைத்துப் பார்த்தபோது இந்த மினுக்கம்தான் அழகு என்று நினைத்திருந்தேன்.

பொருத்தியவற்றைப் படம் எடுத்து, காப்புறுதி நிறுவனத்துக்குக் கடிதமாகவே கொடுத்து, கிடைத்ததாக ஒப்பமும் வாங்கிக்கொண்டேன். முந்திய விபத்தின் இழப்பீட்டுக்குச் செய்யாத மாற்றங்களைப் பற்றியெல்லாம் கேள்வி கேட்டு இழுத்தடித்தவர்களிடம், செய்த மாற்றத்தைச் சொல்லாமல் விட எனக்குத் துணிவில்லை.

பாருடன் வந்த போல்ற்கள் துருப்பிடித்திருந்தபடியால் புதியவை வாங்க வேண்டியிருந்தது. தலையில் 8.8 என்று பொறித்தவையே வேண்டுமென்று கேட்டு வாங்கினேன். எந்த எண்ணும் இல்லாத மலிவு போல்ற் மென்மையான இரும்பு, இழுவைக்கு நிற்காது. ஒரு மாதம் ஓடிய பின் படுத்துக் கிடந்து சாவியைப் போட்டுப் பார்த்தபோது, இடப்பக்கத்தில் ஒன்று அரைச் சுற்று இளகியிருந்தது. அதை இறுக்கி, ஒவ்வொரு நட்டுக்கும் தாங்கிக்கும் குறுக்காக வெள்ளைப் பெயின்றில் ஒரு கோடு இழுத்துவிட்டேன். இப்போது காலையில் வாகனத்தைக் கிளப்பும் முன் குனிந்து பார்க்கிறேன். கோடு முறியாமல் நேராக இருந்தால் புறப்படுகிறேன்.