வலயத்திலிருந்து ஒரு தாள் வாங்கின கதை

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம் சின்னப் பாடசாலைகளில் பிள்ளைகளைப் படிப்பிக்கிற பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். 1945 முதல் இலவசக் கல்வி என்று என் மகள் பாடமாக்குகிறாள். தவணைப் பரீட்சை வந்தால் வினாத்தாளுக்குக் காசு கேட்டு அதே மகளின் கையில் துண்டும் வருகிறது. பாடசாலையின் கற்பித்தல் தேவைகளுக்கு அரசு ஒதுக்குகிற தர உள்ளீட்டுக் காசு எங்கே என்று பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் கேட்டால் அதிபர் வலயக் கல்விக் கந்தோரைக் காட்டுவார். வலயத்தில் கேட்டால், "அதிபரிட்டக் கேளுங்க."

சரி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்போம் என்று பெற்றோர் சிலர் சேர்ந்தோம். கடிதத்துக்கு உதவியவர் எங்கள் ஊரில் ஓய்வுபெற்று இருக்கிற கிளார்க் மாமா. ஏன் குறைவு, ஏன் பிந்துகிறது என்று நாங்கள் சொன்ன வரிகளையெல்லாம் வெட்டிவிட்டார். "ஏன் எண்டு கேட்டா 'முறைப்படி நடந்தது' எண்டு ஒரு வரியில முடிச்சிருவாங்க புள்ள. அவங்கட பைலுக்குள்ள இருக்கிற தாளக் கேளு." ஆகவே ஒவ்வொரு பாடசாலைக்கும் ஒதுக்கிய தொகை, அதில் செலவானது, காசு விடுவித்த திகதி ஆகிய விபரங்கள் உள்ள ஆவணத்தின் பிரதி வேண்டும் என்று மட்டும் எழுதினோம். இந்தக் கதையில் பாதி வெற்றி அந்த வெட்டில்தான் இருக்கிறது.

மீதிப் பாதியை வலயக் கந்தோர் கவுண்டரில் சண்டை பிடித்து வாங்க வேண்டியிருந்தது. முதலில் போன அன்று, இந்த விண்ணப்பங்களை எடுக்கிற தகவல் அலுவலர் லீவு. பஸ் காசு நட்டம். அடுத்த முறை இருந்த உத்தியோகத்தர், அதிபரின் சிபாரிசு இல்லாமல் எடுக்க முடியாது என்றார். பிறகு கிராம சேவகரின் கையொப்பம் வேண்டும் என்றார். பிறகு, "இத வச்சி என்ன செய்யப் போறீங்க தங்கச்சி?" தகவல் அறியும் உரிமைச் சட்டமான 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டத்தில் காரணம் சொல்லத் தேவையில்லை. இந்த இலக்கத்தை மனப்பாடம் செய்து வையுங்கள், அதைச் சொன்னதும் குரல் இறங்கியது. "மேசையில வச்சிட்டுப் போங்க" என்றால் மட்டும் போய்விடாதீர்கள். பெற்றுக்கொண்டதற்கு எழுத்தில் தருவது அவர்கள் கடமை. அந்தத் துண்டு இல்லாவிட்டால் உங்கள் கடிதம் பிறக்கவே இல்லை.

14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சொல்லவில்லை. மேன்முறையீடுகளைப் பார்க்கவென்று இருக்கிற 'குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு' மேன்முறையீடு எழுதி பதிவுத் தபாலில் அனுப்பினோம். மேன்முறையீடு செய்ய நமக்கும் 14 நாள்தான் அவகாசம், தவணை விடுமுறை என்று விட்டுவிடாதீர்கள். அங்கும் சரிவராவிட்டால் கொழும்பில் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு இருக்கிறது. அதுவரை போகத் தேவைப்படவில்லை.

வந்த தாளைப் பார்த்து எனக்கு அழுவதா சிரிப்பதா தெரியவில்லை. எங்கள் பாடசாலைக்குக் காசு ஒதுக்கியிருக்கிறார்கள்! ஆனால் வருடக் கடைசியில்தான் விடுவித்திருக்கிறார்கள். விலைமனு எடுத்து, அனுமதி வாங்கி முடிப்பதற்குள் டிசம்பர் 31 தாண்டிவிட்டது, பெரும் பகுதி திரும்பிப் போய்விட்டது. டவுண் பாடசாலைகளுக்கும் அதே திகதிதான். அங்கே கந்தோர் வேலைக்கு ஆள் இருக்கிறது, கடை வாசலில் இருக்கிறது; எங்கள் அதிபர் ஒரு வகுப்பையும் தானே எடுக்கிறார். மாணவர் தொகையைப் பார்த்துத்தான் ஒதுக்குகிறார்கள் என்பதால் தொகையும் சிறிசு. போட்டோக் கொப்பி மெசினின் விலை மட்டும் எல்லாருக்கும் ஒன்று.

அந்தத் தாளின் பிரதியை இணைத்து, அடுத்த வருடக் கொள்வனவுப் பட்டியலுக்கு முதலாம் தவணையிலேயே அனுமதி தரும்படி அபிவிருத்திச் சங்கத்தின் பெயரில் கடிதம் கொடுத்தோம். அதிபரும் கையொப்பம் வைத்தார், அவருக்கும் கோபம் இருந்திருக்கிறது. பட்டியலுக்கு அனுமதி கிடைத்துவிட்டது. வினாத்தாள் துண்டு இந்தத் தவணை வரவில்லை. காசு விடுவித்த திகதியை மறுபடி கேட்கும் விண்ணப்பத்தை மாமா இப்போதே எழுதி வைத்திருக்கிறார்.