கணவாய் ஏற்றத்தில் இழுவை இழந்த டீசல் கார்

உசிலம்பட்டியைத் தாண்டி ஆண்டிபட்டி கணவாய் ஏற்றத்தில் என் டீசல் கார் திடீரென இழுவை இழந்தது. இன்ஜின் விளக்கும் எரிந்தது. மதுரைக்குத் திரும்பி ஸ்கேனரைப் பொருத்தியதும் பி0087, அதாவது ரெயில் (இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களுக்கு உயரழுத்த டீசலைப் பகிர்ந்தளிக்கும் குழாய்) அழுத்தம் குறைவு என்ற குறியீடு வந்தது. இக்குறியீடு அழுத்தம் குறைந்ததைச் சொல்லுமே தவிரக் காரணத்தைச் சொல்லாது. ஆகவே இதைப் பார்த்தவுடன் விலையுயர்ந்த உயரழுத்த பம்பை மாற்றுவது பெருந்தவறு என்பதே என் உறுதியான கருத்து.

ஃபில்டருக்கும் பம்புக்கும் இடையே கண்ணாடி போன்ற டியூபைப் பொருத்தி இன்ஜினை ஓடவிட்டபோது, பாசிமணி கோத்ததுபோல் காற்றுக் குமிழ்கள் வரிசையாக ஓடின. பம்ப் டீசலை உறிஞ்சும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டாமல் காற்றே உள்ளே நுழையக்கூடும் என்பதால், தரையில் கறை தேடிப் பயனில்லை. இன்ஜெக்டர் வழியே அழுத்தம் கசிகிறதா என்று அறிய, நான்கு இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் டீசலையும் (பீய்ச்சப்படாமல் திரும்பி வரும் டீசல்) தனித்தனி பாட்டில்களில் பிடித்துப் பார்த்தோம். அளவு ஏறத்தாழ ஒன்றாகவே இருந்ததால், எந்த ஒரு இன்ஜெக்டரும் தனியே அதிகம் கசியவில்லை எனத் தெரிந்தது. இறுதியில், ஃபில்டர் மூடியின் ரப்பர் வளையம் விரிசல் விட்டிருந்தது தெரிந்தது. அதை மாற்றிக் காற்றை வெளியேற்றியபின், ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது) ரெயில் அழுத்தம் 280 பார் அளவில் அசையாமல் நின்றது.