24 மணி நேரம் காட்டுமா?

போன கோடை லீவுக்கு வந்த அக்கா மகள் என் போனில் மை சிங்கிங் மான்ஸ்டர்ஸ் ஏற்றி, பத்து நாள் விளையாடிவிட்டு ஊருக்குக் கிளம்பிவிட்டாள். போகிற போக்கில், "மாமா, தீவைப் பாத்துக்கோங்க, எல்லாத்துக்கும் சாப்பாடு போடுங்க, என்ட்பிராட் வந்தா உடனே சொல்லணும்" என்று, நாய்க்குட்டியை விட்டுப் போகிற மாதிரி ஒப்படைத்துவிட்டுப் போனாள். சரி, ரெண்டு நாள் பார்ப்போம் என்றுதான் ஆரம்பித்தேன்.

கனடாவில் இருக்கும் பிக் ப்ளூ பபுள் 2012இல் வெளியிட்ட விளையாட்டு இது. இதில் முக்கியம் சண்டை இல்லை, பாட்டுதான். தீவில் இருக்கிற ஒவ்வொரு மான்ஸ்டருக்கும் பாட்டில் ஒரு பங்கு உண்டு. நாகின் தன் தலையிலேயே தாளம் போடும், மாமட் அடிக்குரலில் பாடும், போகார்ட் தன் உடம்பில் இருக்கும் தந்தியை வில்லால் இழுத்து செல்லோ மாதிரி வாசிக்கும். புதுசாக ஒன்று வந்தால் பாட்டில் இதுவரை காலியாக இருந்த இடம் நிரம்பும். அதனால்தான் இதில் புது மான்ஸ்டர் பொரிந்து வரும் முட்டைக்குக் காத்திருப்பது மற்ற விளையாட்டுகளை விட மோசமான போதை. உனக்கு வேண்டியது ஒரு பொம்மை இல்லை, ஒரு குரல்.

செடித் தீவில் நாலு மூலகம்: செடி, குளிர், நீர், மண். நாலும் சேர்ந்ததுதான் என்ட்பிராட், இலையும் தழையுமாக ஒரு பெரிய பூதம். அதை வரவழைக்க, மூன்று மூலகம் உள்ள ஒன்றையும் மிச்சமிருக்கிற மூலகம் உள்ள ஒன்றையும் ஜோடி சேர்க்க வேண்டும். டி-ராக்ஸிடம் குளிர், நீர், மண் மூன்றும் இருக்கிறது, செடி இல்லை, அப்போது செடி மூலகமான பாட்பெல்லிதான் ஜோடி. ரெண்டும் நாலாவது லெவலுக்கு வந்திருக்க வேண்டும், அதுவரை பேக்கரியில் சுட்டுச் சுட்டு ஊட்ட வேண்டியதுதான்.

இதில் யாரும் சொல்லித் தராத சமாச்சாரம், முட்டை வருவதற்கு முன்னாலேயே கடிகாரம் உண்மையைச் சொல்லிவிடும். ஜோடி சேர்த்ததும் ஒரு நேரம் காட்டுமே, அதுதான் ரிசல்ட். 2 மணி நேரம் என்றால் பாட்பெல்லி, 8 மணி நேரம் என்றால் டி-ராக்ஸ், அதாவது அம்மா அப்பாவில் ஒன்றையே திருப்பித் தந்திருக்கிறது. 24 மணி நேரம் காட்டினால்தான் என்ட்பிராட். பொத்தானை அழுத்திவிட்டு அந்த எண் வருகிற ஒரு வினாடிக்காகத்தான் நான் ஆபீஸ் மதிய இடைவேளையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 8. மறுபடி 8. அப்புறம் 2. மறுபடி 8.

பதினோரு தடவை தோற்றதும் ஒரு எண்ணம் வரும் பாருங்கள், இத்தனை தடவை வரவில்லை, அடுத்தது கண்டிப்பாக வந்தே தீரும் என்று. முழுப் பொய் அது. ஒவ்வொரு தடவையும் புதுச் சீட்டுதான், முந்தைய பதினொன்றை அந்த இயந்திரம் நினைவில் வைத்திருப்பதே இல்லை. எனக்கு இது நன்றாகவே தெரியும். தெரிந்தும், விளையாட்டுக்குள் இருக்கும் வைரத்தைக் கொடுத்து விஷ்ஷிங் டார்ச் என்கிற தீப்பந்தத்தை ஏற்றினேன், கோயிலில் நெய் விளக்கு போடுகிற அதே முகத்தோடு. அது வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டும், அவ்வளவுதான்.

பதினான்காவது தடவை, ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி, 24 மணி நேரம். கத்தியதில் அம்மா எழுந்து வந்து என்னடா ஆச்சு என்றார், என்ன சொல்வது?

ஆனால் கூத்து அதோடு முடியவில்லை. ஜோடிக் கூட்டில் 24 மணி நேரம் முடிந்ததும் முட்டையைப் பொரிக்க நர்சரிக்கு மாற்ற வேண்டும், அங்கே மறுபடி அதே 24 மணி நேரம். நான் நர்சரியில் உருப்படாத டி-ராக்ஸ் முட்டை ஒன்றை வைத்திருந்தேன், அதை விற்றுத்தான் இடம் செய்தேன். கடைசியில் முட்டை பழுத்து நின்றபோது, மான்ஸ்டர்களுக்கு இடம் தரும் கோட்டையில் படுக்கை போதவில்லை என்றது விளையாட்டு. கோட்டையைப் பெரிதாக்கக் காசு சேர்க்க இன்னும் ஒன்றரை நாள்.

வியாழன் முடிந்து, வெள்ளியும் போய், சனிக்கிழமை காலையில் அது எழுந்து நின்று உறுமிப் பாடியது. இத்தனை நாள் கேட்ட அதே பாட்டுதான், ஆனால் அடியில் ஒரு கனம் வந்திருந்தது. அக்கா மகளுக்கு போன் போட்டு ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் பிடித்தேன். அரை நிமிஷம் கேட்டாள்.

"சூப்பர் மாமா. ரேர் என்ட்பிராட் வந்திருக்காம், கொஞ்ச நாள்தான் இருக்கும். அதுக்கும் அதே ஜோடிதான்."

டி-ராக்ஸும் பாட்பெல்லியும் மறுபடி கூட்டில் இருக்கின்றன. இப்போது காட்டுவது 8.