மொய், பிளேட்லெட், ஆறு செட் ஜெராக்ஸ்: அக்கா மகன் வைத்தியத்துக்கு அலைஞ்ச கதை

எனக்கு பேராவூரணி பக்கம் ஒரு கிராமம், ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். ஊர்ல யாரு எந்த ஆபீசுக்கு மனு போடணும்னாலும் நம்ம கடை பெஞ்ச்லதான் வந்து உக்காருவாங்க, நானும் பெரிய இவனாட்டம் இது வேணும் அது வேணும்னு சொல்லி அனுப்புவேன். அதே ஆளு 2022 புரட்டாசில எங்க அக்கா மகனுக்கு பிளட் கேன்சர்னு சொன்னப்ப ஒரு பேப்பரும் புரியாம முழிச்சிட்டு நின்னேன். அப்ப அவனுக்கு ஆறு வயசு. யாராவது முன்னாடியே சொல்லியிருந்தா பாதி அலைச்சல் மிச்சமாயிருக்கும்னு பல தடவ தோணியிருக்கு, அதான் எழுதுறேன்.

மொதல்ல விட்டு விட்டு காய்ச்சல், கால் வலிக்குதுன்னு அழுதான், தொடைல அங்கங்க நீலமா கன்னிப்போன மாதிரி இருந்துச்சு. விழுந்திருப்பான்னு அக்கா எண்ணெய் தேச்சு விட்டுச்சு. பிளட் டெஸ்ட்ல பிளேட்லெட், அதான் ரெத்தத்தை உறைய வைக்கிற அணு, கம்மினு வந்ததும் எல்லாரும் டெங்குன்னுதான் நெனச்சோம், மழை சீசன் வேற. டவுன்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரில அஞ்சு நாள் வச்சிருந்தோம், 70,000 ரூவா ஆச்சு, எல்லாம் ரொக்கம், அக்கா வளையலை அடகு வச்சுக் கட்டினது. ஆறாம் நாள்தான் ஸ்மியர்ல, அதாவது ரெத்தத்தை கண்ணாடில தடவி மைக்ராஸ்கோப்ல பாக்குற டெஸ்ட்ல, ஏதோ தப்பா தெரியுது சென்னைக்கு கூட்டிட்டுப் போங்கன்னாங்க. சென்னைல ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரில எலும்பு மஜ்ஜைல ஊசி போட்டு எடுத்து பாத்துட்டு ஏ.எல்.எல்.ங்கற வகை பிளட் கேன்சர் அப்டின்னாங்க. குழந்தைங்களுக்கு வர்ற கேன்சர்லயே இதுதான் அதிகமாம், நல்லா குணமாகுறதுலயும் இது ஒண்ணாம், ஆனா ரெண்டரை வருஷம் விடாம வைத்தியம் பாக்கணும், பாதில விட்டா திரும்ப வந்துரும்னு அந்த டாக்டரம்மா உக்கார வச்சு பொறுமையா சொன்னாங்க. மச்சான் கேட்டது ஒரே கேள்வி, எவ்வளவு ஆகும்.

இங்கதான் நாங்க பண்ண பெரிய தப்பு. மச்சான் தேங்கா வெட்டுக்கு போறவரு, சொந்தமா இருந்த கொஞ்ச மரமும் 2018 கஜா புயல்ல சாஞ்சு போச்சு, ஆனா மனுஷனுக்கு ரோஷம் ஜாஸ்தி. ஊர்ல யாருக்கும் சொல்லக்கூடாதுன்னுட்டாரு. கேன்சர்னு சொன்னா நாளைக்கு பொண்ணுக்கு, அதான் இவன் அக்காவுக்கு, மாப்பிள்ளை கூட வராதுன்னு அம்மாவும் சேர்ந்துக்கிச்சு, அந்தப் பொண்ணுக்கு வயசு பதினொண்ணு! மூணு வாரம் "டைபாய்டு, சென்னைல பாக்குறோம்"னு எல்லாருக்கும் பொய் சொல்லி, உள்ளுக்குள்ள வட்டிக்கு வாங்கி கட்டிட்டு இருந்தோம். அந்த மூணு வாரத்துல போன காசுதான் இன்னிக்கு வரைக்கும் திரும்பி வராத காசு.

ஏன்னா காப்பீட்டு கார்டு எங்ககிட்ட இல்ல. கலைஞர் காப்பீடுன்னு 2009-ல ஆரம்பிச்சு 2012-லேர்ந்து முதலமைச்சர் காப்பீடுன்னு இருக்குல்ல அது, வருஷ வருமானம் 1,20,000-க்குள்ள இருக்கற குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும் உண்டு. அக்கா வீட்டுக்கு தாராளமா கிடைக்கும், கார்டு வாங்கலாம்னு யாருக்கும் தோணவே இல்ல, நான் உட்பட. நூறு பேருக்கு வருமானச் சான்று அப்ளை பண்ணிக் கொடுத்தவன், சொந்த அக்காவுக்கு கேக்கல. ஆஸ்பத்திரில இருந்த சோஷியல் வொர்க்கர் பொண்ணுதான் கேட்டுச்சு, "கார்டு இருக்கா அண்ணா"ன்னு. இல்லன்னதும், "இனிமே கையிலேர்ந்து கட்றதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க"ன்னுச்சு. எந்த ஆஸ்பத்திரில சேர்ந்தாலும் மொத நாளே இந்த சோஷியல் வொர்க்கர் எங்க உக்காருறாங்கன்னு விசாரிங்க, டாக்டரைப் பாக்குற அளவுக்கு அது முக்கியம்.

ராத்திரியோட ராத்திரியா ஊருக்கு வந்தேன். பாத்தா ரேஷன் ஸ்மார்ட் கார்டுல பயலோட பேரே இல்ல! பொறந்ததுலேர்ந்து ஆறு வருஷமா சேக்கல, சர்க்கரை அரை கிலோ கூட வரும்னு அப்பப்ப பேசுறதோட சரி. பர்த் சர்டிபிகேட், அவன் ஆதார் ரெண்டையும் வச்சு மொதல்ல பேரு சேத்தேன், கூடவே வி.ஏ.ஓ.வைப் பாத்து வருமானச் சான்றுக்கு போட்டேன், அது தாசில்தார் வரைக்கும் போய் வந்ததும் எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு தஞ்சாவூர் கலெக்டர் ஆபீஸ்ல இருக்கற காப்பீட்டு கவுன்டருக்கு போனோம். மொத்தம் பதினாறு நாள் ஆச்சு. அதுக்கப்புறம் ஒவ்வொரு தடவ கீமோவுக்கும் ஆஸ்பத்திரி கவுன்டர்லேர்ந்து அனுப்பி அப்ரூவல் வாங்கிடுவாங்க, நாம கையெழுத்து போட்டா போதும். ஆனா எல்லாமே அதுல வந்துடாது, சில டெஸ்ட்டு, வெளில வாங்குற ஆன்டிபயாடிக், சாப்பாடு, தங்குறது, இதெல்லாம் நம்ம பாடுதான். நடுவுல இன்பெக்‌ஷன் ஆகி ஐசியூல ஒம்போது நாள் கிடந்தான், அப்பதான் எல்லாம் உடைஞ்சுது.

ஐசியூல இருக்கறப்ப பிளேட்லெட் வேணும்னாங்க, அதுலயும் எஸ்.டி.பி., ஒரே ஆளுகிட்ட மெஷின் வச்சு பிளேட்லெட்டை மட்டும் பிரிச்சு எடுக்குறது. நான் பதட்டத்துல வாட்ஸ்ஆப்ல ஒரு மெசேஜ் தட்டி விட்டேன், "ஆறு வயது சிறுவன் உயிருக்குப் போராட்டம், ஓ பாசிட்டிவ் அவசரம், உடனே பகிரவும்"னு என் நம்பரைப் போட்டு. தேதி போடல, ஆஸ்பத்திரி பேரு போடல. அன்னிக்கு பதினோரு பேரு கூப்ட்டாங்க, நாலு பேரு வந்தாங்க, ரெண்டு பேருகிட்டதான் எடுக்க முடிஞ்சுது. ஒருத்தர் மூணு நாளைக்குள்ள ஆஸ்பிரின் போட்டிருந்தாரு, இன்னொரு தம்பிக்கு நரம்பு சன்னமா இருந்துச்சு. இந்த பிளேட்லெட்டை அஞ்சு நாளைக்கு மேல வச்சுக்கவும் முடியாதாம், அதனாலதான் ரெத்தம் மாதிரி ஸ்டாக் இருக்காது, அன்னன்னிக்கு ஆள் தேடணும். வந்த ரெண்டு பேருல ஒருத்தன் காலேஜ் பையன், ஒன்றரை மணி நேரம் ஊசியோட உக்காந்திருந்துட்டு ஒரு ஃப்ரூட்டி குடிச்சிட்டு கெளம்பிட்டான், பஸ்ஸுக்கு காசு குடுத்தா வாங்கல. 48 மணி நேரம் கழிச்சு திரும்பவும் குடுக்கலாம்ணே தேவைன்னா கூப்பிடுங்கன்னான். ரெத்தம் குடுத்தா ஆம்பளைங்க மூணு மாசம் காத்திருக்கணும், இதுக்கு ரெண்டு நாள் போதும்ங்கறதே எனக்கு அவன் சொல்லித்தான் தெரியும்.

அந்த மெசேஜ் இன்னும் சுத்துது. ரெண்டரை வருஷம் ஆச்சு, போன மாசம் கூட ஓசூர்லேர்ந்து ஒருத்தர் ராத்திரி பதினோரு மணிக்கு கூப்பிட்டு "பையனுக்கு இன்னும் தேவையா சார்"ன்னாரு. மனசு கஷ்டமாயிடும், நல்ல மனுஷங்க நேரத்தை வீணாக்குறோமேன்னு. தயவுசெஞ்சு போட்றதா இருந்தா தேதி, ஆஸ்பத்திரி, எந்த குரூப்பு, எத்தனை மணி வரைக்கும்னு போடுங்க, கிடைச்சதும் போட்ட குரூப்ல எல்லாம் கிடைச்சிருச்சுன்னு இன்னொரு மெசேஜும் போடுங்க.

அந்த மெசேஜாலதான் ஊருக்கும் தெரிஞ்சுது, மறைக்க ஒண்ணும் மிச்சமில்ல. நான் பயந்த மாதிரி யாரும் கேவலமா பேசல, "எங்ககிட்ட ஏன்டா சொல்லல"ன்னுதான் திட்டினாங்க. சரி இனிமே வெக்கப்பட்டு ஆகப்போறது இல்லன்னு நானும் நாலு பக்கமும் மனு போட ஆரம்பிச்சேன். ஆஸ்பத்திரில எஸ்டிமேட் லெட்டர்னு ஒண்ணு தருவாங்க, இன்ன நோயி இன்ன வைத்தியம் இவ்வளவு ஆகும்னு லெட்டர்ஹெட்ல டாக்டர் கையெழுத்து சீலோட, எல்லா கதவும் அதை வச்சுத்தான் தொறக்குது. ஒரிஜினல் ரெண்டு வாங்கி வச்சுக்கங்க, ஏன்னா பிரதமர் நிவாரண நிதிக்கு ஒரிஜினல் கேப்பாங்க. அது 1948-ல பிரிவினை அகதிகளுக்காக நேரு ஆரம்பிச்ச நிதியாம், இப்ப கேன்சர், இதய ஆபரேஷன், கிட்னி மாத்துறதுக்கெல்லாம் தர்றாங்க. எம்.பி. ஆபீஸ்ல ஒரு சிபாரிசு லெட்டர் வாங்கி, போட்டோ, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, எஸ்டிமேட் எல்லாம் சேத்து அனுப்பினோம். ரெண்டு மாசம் கழிச்சு 50,000 ரூவா வந்துச்சு, நம்ம கைக்கு இல்ல, நேரா ஆஸ்பத்திரிக்கு. கட்டி முடிச்ச பில்லை காட்டி கேட்டா கிடைக்காது, இனிமே ஆகப்போற செலவுக்குத்தான், அதனால லேட் பண்ணக்கூடாது.

ஆன்லைன்ல பணம் திரட்டுறதும் பண்ணினோம். ஒரு தளத்துலேர்ந்து போன்ல பேசினவரு, அம்மா அழுவுற மாதிரி வீடியோ, பயலோட மொட்டைத் தலை தெரியுற போட்டோ இருந்தா நல்லா வரும்னாரு, அப்புறம் விளம்பரத்துக்கு இவ்வளவு பர்சென்ட் எடுத்துப்போம்னாரு. அக்கா ஒரே வார்த்தைல முடிச்சிருச்சு, "நாளைக்கு அவன் வளந்து இதைப் பாப்பான்டா." அதனால மூஞ்சி தெரியாத போட்டோ போட்டு, அந்த தளத்தை விட்டுட்டு, ஆஸ்பத்திரி அக்கவுன்ட் நம்பரையும் பயலோட நோயாளி நம்பரையும் குடுத்து அதுல நேரடியா கட்டுங்கன்னு எழுதினேன். கம்மியாத்தான் வந்துச்சு, ஆனா வந்தது முழுசா வந்துச்சு. இதுக்குள்ள எவனோ என் பதிவை அப்படியே எடுத்து அவன் க்யூஆர் கோடை ஒட்டி போட்டுட்டான், அது தனிக்கதை, எழுதினா வாயில கெட்ட வார்த்தைதான் வரும்.

தங்குறதுக்கு மொத மூணு வாரம் லாட்ஜ், நாளைக்கு 600. அப்புறம் அதே சோஷியல் வொர்க்கர் எழுதிக் குடுத்து செயின்ட் ஜூட் இந்தியா சென்டர்ல எடம் கிடைச்சுது, கேன்சர் வைத்தியத்துக்கு வர்ற குழந்தைங்களும் அப்பா அம்மாவும் காசில்லாம தங்குறதுக்குன்னே நடத்துறது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி எடம், சமைக்க அடுப்பு. கீமோல நோயை எதிர்க்குற வெள்ளையணு இறங்கி கிடக்குற புள்ளைக்கு சுத்தமா சமைச்சுப் போட முடிஞ்சதே பெரிய விஷயம். பக்கத்துல ஆந்திராக்காரம்மா ஒண்ணு, அக்காவுக்கு பாஷை புரியாது, ஆனா ரெண்டும் சேந்து ரசம் வைக்கும். ஊருக்கு வந்து போக ரயில் சலுகை உண்டு, ஆஸ்பத்திரில அதுக்குன்னு ஒரு ஃபாரம் பூர்த்தி பண்ணி சீல் வச்சு தருவாங்க, கேன்சர் நோயாளிக்கு ஸ்லீப்பர்லயும் தேர்டு ஏசிலயும் டிக்கெட் முழுசா இலவசம், கூட போற ஒரு ஆளுக்கு 75 சதவீதம் தள்ளுபடி. உழவன் எக்ஸ்பிரஸ்ல தஞ்சாவூர்லேர்ந்து எத்தனை தடவ போயிருப்போம்! ஸ்டேஷன் கவுன்டர்ல போய்த்தான் எடுக்கணும், நான் மொத தடவ போன்ல தேடிட்டு இப்படி ஒண்ணு இல்லவே இல்லன்னு விட்டுட்டேன்.

இதுக்கப்புறமும் வட்டிக் கடன் நின்னுச்சு. வெளிநாட்ல இருக்கற ஊர்ப் பசங்க சேந்து ஒரு தொகை தர்றோம்னாங்க, மச்சான் வேணாம்னுட்டாரு. "மொய்யா செய்யுங்க, வாங்கிக்கிறேன்"னாரு. எங்க பக்கத்துல ஆடி மாசம் மொய் விருந்து நடக்கும், கேள்விப்பட்டிருப்பீங்க, கறி சோறு போட்டு மொய் வாங்குறது, வாங்கினதை அவங்கவங்க விருந்துல கூடப் போட்டு திருப்பி செய்யணும். புள்ள ஆஸ்பத்திரில கிடக்குறான் நீங்க கெடா வெட்டி விருந்தா வைக்கப் போறீங்கன்னு நான் சண்டையே போட்டேன். அவரு சொன்னாரு, "நிதின்னு வாங்கினா ஆயுசுக்கும் குடுத்தவன் முன்னாடி தலை குனியணும்டா. மொய்னா கடன். கடனை நான் அடைச்சிருவேன்." எனக்கு இன்னும் இதுல முழு ஒப்புதல் இல்ல, உயிருக்கு முன்னாடி என்ன கௌரவம்னு தோணும், ஆனா அந்த மனுஷன் ராத்திரி நிம்மதியா தூங்குறதுக்கு அதுதான் வழியா இருந்துச்சு. 2023 ஆடில இன்னும் அஞ்சு பேரோட கூட்டு சேந்து வச்சோம், செலவுல எங்க பங்கு போக 2,35,000 நின்னுச்சு, வட்டிக்காரனை அன்னிக்கே முடிச்சோம்.

ஊருக்கு அவன் திரும்பினப்ப வேற பிரச்சினை. தெருப் புள்ளைங்களை வெளையாட விடல, ஒட்டிக்குமோன்னு. பாசக்காரங்க அதுக்கு மேல, ஆப்பிளை வாங்கிட்டு வந்து இருமிக்கிட்டே கன்னத்தைக் கிள்ளி முத்தம் குடுப்பாங்க. "அவன்கிட்டேர்ந்து உங்களுக்கு ஒண்ணும் ஒட்டாது, உங்ககிட்டேர்ந்துதான் அவனுக்கு ஒட்டும்"னு சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு, கடைசில அதையே பெருசா பிரிண்ட் எடுத்து வாசல்ல ஒட்டிட்டேன், கடைல மெஷின் எதுக்கு இருக்கு. ஸ்கூல் ஹெச்.எம். அந்த பேப்பரைப் பாத்துட்டு பெற்றோர் கூட்டத்துல வந்து பேசச் சொன்னாங்க. பேசினேன். ஒரு அம்மா எந்திரிச்சு "எங்க வீட்டுப் புள்ளைக்கு அம்மை போட்டா நான் ஒங்களுக்கு போன் பண்ணி சொல்லணுமா"ன்னுச்சு, ஆமாக்கா உடனே சொல்லணும்னேன், ஏன்னா இந்த மருந்து சாப்பிடுற புள்ளைக்கு அம்மை வந்தா உயிருக்கே ஆபத்து. ரெண்டு தடவ போன் வந்துச்சு, ரெண்டு தடவையும் பத்து நாள் பயலை ஸ்கூலுக்கு அனுப்பல.

2025 ஏப்ரல்ல மாத்திரை நிறுத்தினாங்க. இப்ப மூணு மாசத்துக்கு ஒரு தடவ செக்கப்பு, போற வாரம் பூரா அக்கா சரியா சாப்பிடாது, ரிப்போர்ட் வந்ததும் சாப்பிடும். கடைல ஒரு ஃபைல் வச்சிருக்கேன், எஸ்டிமேட், வருமானச் சான்று, கார்டு, டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் ஆறு செட்டு, யாராவது கேட்டு வந்தா எந்த பேப்பரு எப்படி இருக்கும்னு காட்டுறதுக்கு. மச்சான் மொய் நோட்டும் அங்கதான் இருக்கு, வீட்ல எலி கடிச்சிரும்னு. திருப்பி செஞ்ச பேரை எல்லாம் சிவப்பு பேனால அடிச்சுக்கிட்டே வர்றாரு, நேத்து எண்ணிப் பாத்தோம், இன்னும் நாப்பத்தி ரெண்டு பேரு பாக்கி, அதுல ஏழு பேரு வர்ற ஆடில விருந்து வைக்கிறாங்க.